தலைதான் இல்லையே என்றாய்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், அவருடைய முழங்கால் முன்னைக்கு இப்போது பரவாயில்லை, நானும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், மூன்றாவது ஆள் நலமா என்பதை முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீ நலமாக இருப்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, விளம்பரக் கம்பெனியின் புது நாற்காலியில் உட்கார்ந்து நீ அனுப்பிய படத்தில் கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. ஏன் போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் நாலு வார்த்தை சூடாகப் பேசினால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது, கடிதத்தைப் பாதியில் வெட்டிவிட்டுப் போக முடியாது, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும். அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் பழைய பிரிட்ஜ் ஒரு வழியாக உயிரை விட்டது, புதிது வாங்கியாயிற்று, அது சத்தமே போடாததால் ஓடுகிறதா இல்லையா என்று அப்பா மணிக்கொரு தரம் திறந்து பார்க்கிறார். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் முதல் வேலையாக என் முகத்தில் எத்தனை சுருக்கம் என்று எண்ணிச் சொல்லிவிட்டாள். நம் பேனர் அடிக்கிற கடையில் மெஷின் அறை ஓரம் இன்னும் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறோம். செய்தி அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன தடவை நீ வந்திருந்தபோது தங்கையின் ஒர்க் ஷாப்புக்குப் போய் அவளைப் படம் எடுத்தாயே, நினைவிருக்கிறதா, இல்லை அதுவும் மறந்துவிட்டதா. அவள் ஒரு பைக்கின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தவளை, "வேணாம் வாலு, அந்த கிரீஸோடயே நில்லு, உழைக்கிற பொண்ணுங்கன்னு ஒரு வரிசை எடுக்கிறேன், கண்காட்சியில வைக்கப்போறேன்" என்று நீதான் நிறுத்தினாய். நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், உன் வாயிலிருந்து வந்ததை என் காதால் கேட்டேன். அவள் அந்த நீல முழு உடுப்பில், கழுத்துவரை ஜிப்பைப் போட்டுக்கொண்டு, கையில் ஸ்பேனரை நிமிர்த்திப் பிடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அண்ணன் தன்னைப் பெரிய ஆளாக்கப் போகிறான் என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. நீ அனுப்பிய அந்தப் படத்தைத்தான் ஒர்க் ஷாப் போர்டில் போட வேண்டும், பெரிதாக அடித்துக் கொடு என்று என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தாள், பெரிய ஆர்டர் ஒன்று வரப்போகிறது, அது முடியட்டும் என்று நானும் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பெரிய ஆர்டர்தான் இது.

நம் கடையில் வேலை எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ தவழ்ந்ததே பிளெக்ஸ் ரோல்களுக்கு நடுவில்தான். ஆனாலும் சொல்கிறேன், ஏசி அறையில் உட்கார்ந்து மறந்திருப்பாய். பெரிய போர்டு என்றால் மெஷின் அதை ஒரே துண்டாகத் துப்பாது, பட்டை பட்டையாகத்தான் வரும். அதைக் கூடத்துத் தரையில் விரித்து, ஓரத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டி, சுற்றிலும் ஓட்டை போட்டு வளையம் அடித்துச் சுருட்டிக் கொடுக்க வேண்டும். விரித்த பிறகு நிற்க வேறு தரை கிடையாது, அதன்மேல் வெறுங்காலோடு நடந்துதான் வேலை செய்தாக வேண்டும். அதற்குத்தானே நம் கடையில் ஒரே ஒரு சட்டம், வானத்தை மிதி, எழுத்தை மிதி, காரை மிதி, கட்டடத்தை மிதி, முகத்தை மட்டும் மிதிக்காதே. செத்தவர் படமானாலும் சரி, ஓட்டுக் கேட்பவர் படமானாலும் சரி, முகம் என்றால் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு பெரிய மனிதரின் கன்னத்தில் நீ மூன்று சக்கர சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனதற்கு அப்பா உன் முதுகில் ஒன்று வைத்தது உனக்கு மறந்தாலும் முதுகுக்கு மறந்திருக்காது.

இந்தத் தடவை வந்தது எஞ்சின் ஆயில் விளம்பரம். பஸ் நிலையத்து முக்கில் நிற்கும் பெரிய இரும்புச் சட்டத்துக்கு. மெஷின்காரர் ஓடவிட்டுவிட்டு, "சென்சார் அக்கா, இதுக்கு நீங்க திட்டுவீங்க, இப்பவே சொல்லிடறேன்" என்று சிரித்தார். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் அது, இப்படிப் படம் வரும்போதெல்லாம் நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே ஒட்டுவதால். பட்டைகளை விரித்ததும் பார்த்தேன், ஒரு பெண், கழுத்தோடு வெட்டியிருக்கிறது, அதற்கு மேல் தலை இல்லை. நீல உடுப்பின் ஜிப் இடுப்புவரை இறங்கியிருக்கிறது, உள்ளே துணி என்று ஒன்றும் இல்லை, கழுத்திலிருந்து எண்ணெய் வழிந்து ஓடுகிறது, பக்கத்தில் "தொட்டால் போதும், வழுக்கிக்கொண்டு ஓடும்" என்று கொட்டை எழுத்து. எண்ணெய் டப்பா எங்கே என்று தேடினால் ஓரமாக ஒரு மூலையில் இருந்தது. முகம் இல்லாததால் யாரும் சுற்றிப் போகவில்லை. மெஷின்காரர் நடுவில் நடந்தார், வளையம் அடிக்கிறவர் நடந்தார், டீ கொண்டு வந்தவர்கூட குறுக்கே நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார். நான் வழக்கம்போல வசவைத் தொடங்கிக்கொண்டே முட்டி போட்டு உட்கார்ந்து, மூன்றாவது பட்டையை நாலாவதோடு சேர்ப்பதற்காக ஓரத்தைத் துடைத்தேன். ஓரத்தில் ஸ்பேனர் பிடித்த கை இருந்தது. சுண்டுவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

அந்த நகம் ஏன் அப்படி வளர்கிறது என்று உனக்குத் தெரியும். தொழில் கற்றுக்கொண்ட முதல் வருஷம் பைக் சங்கிலியில் விரல் மாட்டி, நுனி நசுங்கி, ஆஸ்பத்திரியில் அவள் அழாமல் உட்கார்ந்திருக்க நான் அழுது தீர்த்தேன். கையைப் பார்த்த பிறகு படத்தில் அதற்குப் பின்னால் பார்த்தேன், சுவரில் அவளே வெள்ளை பெயிண்டால் ஒவ்வொரு சாமானுக்கும் கோடு போட்டு வைத்திருக்கும் பலகை, அந்த ஸ்பேனரின் இடம் மட்டும் காலியாக இருந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. நான் முட்டி போட்டிருந்தது என் பிள்ளையின் வயிற்றின்மேல். எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றியது, கூடம் முழுக்க அவள்தான் கிடந்தாள், அவள்மேல் நடந்துதான் நான் வெளியே வந்தேன். உன் ஆபீசில் எத்தனை பேர் அந்தப் படத்தைக் கண்கொட்டாமல் பார்த்திருப்பீர்கள், கழுத்து மச்சத்தை அழித்திருக்கிறீர்கள், இடுப்பைச் செதுக்கியிருக்கிறீர்கள், இல்லாததையெல்லாம் வரைந்திருக்கிறீர்கள், அந்த நகத்தை மட்டும் ஒருவன்கூட அழிக்கவில்லை. ஏன் தெரியுமா, அவள் கையை அங்கே யாருமே பார்க்கவில்லை. அவள் பிழைப்பதே அந்தக் கையால்தான்.

உடனே உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய் என்பதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், எழுத்தில் பார். முதலில், "உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது" என்றாய். ஏன் செய்தாய் என்று கேட்டால் எப்படித் தெரிந்தது என்கிறாய், அது திருடன் கேட்கிற கேள்வி. பிறகு கடைசி நேரத்தில் மாடல் வரவில்லை என்றாய், கையில் இருந்த படத்தைக் கொடுத்தேன் என்றாய், "பாதிக்கு மேல கம்ப்யூட்டர்ல பண்ணதும்மா, அது அவ உடம்பே இல்ல" என்றாய். அவள் உடம்பே இல்லை என்றால் அவளை எதற்காக எடுத்தாய். கடைசியாகத்தான் அந்த வார்த்தை, "தலைதான் இல்லையேம்மா, யாருக்குத் தெரியப்போகுது." அப்புறம் மீட்டிங். தலையை வெட்டினால் ஆள் இல்லாமல் போய்விடுவாள் என்று யாரடா உனக்குச் சொல்லிக்கொடுத்தது. தலையை வெட்டினால் மிதிக்கச் சௌகரியம், அவ்வளவுதான், அதை என் கூடத்தில் என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். அப்பா முதலில் துள்ளினார், "நம்ம வேலை அடிக்கிறது, போஸ்ட்மேன் கவரைப் பிரிச்சுப் படிப்பாரா" என்று அவருடைய பழைய பல்லவியை எடுத்தார். அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது பட்டையின் ஓரத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இப்போதும் உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்து பார்க்கிறார். நாங்கள் அடிக்க மாட்டோம் என்று சொன்னதும் ஆயில்காரர்கள் வேறு கடையில் அடித்து வாங்கிவிட்டார்கள், வாரம் முடிவதற்குள் போர்டு ஏறிவிட்டது. அது நிற்கும் முக்கு எது என்று உனக்குத் தெரியாதா. உன் தங்கை தன் கடை ஷட்டரைத் தூக்கினால் எதிரில் அதுதான் தெரியும். போர்டு ஏறப்போகும் ஊர்ப் பெயரையாவது படித்தாயா, இல்லை அதற்கும் தலை இல்லையா.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தையை மென்று முழுங்கிக்கொண்டு போனேன். நான் போவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. போர்டு ஏறிய அன்றே, தன் வண்டியைச் சர்வீசுக்கு விட்டிருந்த ஒரு பெரிய மனுஷன், படத்திலுள்ள பலகையையும் அவள் சுவரிலுள்ள பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அந்த மாதிரி சர்வீஸெல்லாம் இங்க கிடைக்குமா" என்று கேட்டிருக்கிறான், பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். இவள் பிரித்துப் போட்டிருந்த அவன் எஞ்சினை நட்டு, போல்ட்டு, வாஷர் ஒன்று விடாமல் ஒரு சாக்கில் அள்ளிப் போட்டு அவன் கையில் கொடுத்து, "இந்த சர்வீஸ்தான் இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றாளாம். வெயிலில் அவன் ஒரு கையில் சாக்கும் ஒரு கையில் வண்டியுமாகத் தள்ளிக்கொண்டு போனதை டீக்கடைக்காரர் எனக்கு நடித்தே காட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து தினமும் யாராவது ஒருவன் வண்டியில் ஒன்றும் இல்லாமலே சத்தம் வருகிறது என்று வந்து நிற்கிறான். வழக்கமாக வருகிற டீச்சரும் நர்சும் வேறு வழியாகப் போகிறார்கள். அவள் பகலில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே விளக்குப் போட்டு வேலை செய்கிறாள். அவள் கடையில் அவளே ஒளிந்து உட்கார வேண்டியதாகிவிட்டது, உனக்கு உறைக்கிறதா.

அழுவாள் என்று நினைத்துப் போனேன், அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அண்ணன் எடுத்தப்ப நான் சிரிச்சுக்கிட்டு நின்னேம்மா, அந்தச் சிரிப்பத்தான் முதல்ல வெட்டியிருக்கான்." நீ அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

துணிக்காக அம்மா சண்டை போடுகிறாள், பழைய காலத்து மனுஷி என்று உன் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்துவிடாதே, செருப்பால் அடிப்பேன். உன் தங்கை நீச்சல் குளத்துக்கு எந்த உடுப்பில் போகிறாள் என்பது எனக்குத் தெரியும், அதைத் துவைத்துக் காயப்போடுவதே நான்தான். அவள் உடம்பு, அவள் இஷ்டம். இங்கே அவளை யார் கேட்டீர்கள். சிமெண்டு மூட்டைக்கு எதற்கடா ஒருத்தி மழையில் நனைய வேண்டும். தண்ணீர்த் தொட்டி விற்க அதற்குள் ஏன் ஒருத்தியைப் படுக்க வைக்கிறீர்கள். அதே விளம்பரத்தில் ஆண்பிள்ளை வந்தால் கோட்டும் சூட்டும் டையுமாக, தொட்டியின் தரத்தைப் பற்றி விரலை நீட்டி நீட்டிப் பேசுகிறான், அவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதுதான் அவளுக்குக் கொடுத்த உத்தியோகம். டிவியைப் போட்டால் அப்படி, சினிமாவுக்குப் போனால் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒருத்தி வந்து ஐந்து நிமிஷம் இடுப்பை ஆட்டிவிட்டுப் போகிறாள், அவள் பெயர் என்ன என்றுகூட அந்தப் படத்தில் யாரும் கேட்பதில்லை, கேமரா மட்டும் அவள் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. மக்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்பாய். எந்த மக்கள், நானும் மக்கள்தான், உன் அத்தையும் மக்கள்தான், புதுக் கண்ணோடு அந்த முக்கு வழியாக ஆட்டோவில் போனவள், இதைப் பார்க்கவா ஆபரேஷன் பண்ணிக்கொண்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அது யார் என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சின் ஆயில் நல்லதா என்று இந்த ஊரிலேயே ஒழுங்காகச் சொல்லக்கூடியவள் உன் தங்கை, அவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டப்பா விற்றிருக்கும். அவளிடமிருந்து உங்களுக்கு வேண்டியது அது இல்லை.

நம் கடையில் அடித்த பட்டைகள் மூலையில் கிடந்தன. உனக்குத் தெரியும், வீணாய்ப்போன பிளெக்ஸை யாராவது கேட்டு வாங்கிப்போய்க் கூரையில் போடுவார்கள், லாரிச் சரக்கை மூடுவார்கள், வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் கிடக்கும். இதையும் ஒரு லாரிக்காரர் வந்து கேட்டார், கொடுக்க மாட்டேன் என்றேன், மனுஷன் குழம்பிப் போய்விட்டார். கத்தரியை எடுத்து நானே உட்கார்ந்து, விரல் வலிக்க வலிக்கத் துண்டு துண்டாக நறுக்கினேன், திட்டவில்லை, வார்த்தை தீர்ந்துவிட்டது. நடுவில் வாலு வந்தாள், தரையில் உட்கார்ந்து மூன்றாவது பட்டையிலிருந்து அந்தக் கையை மட்டும் சுற்றி வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவள் கடை போர்டுக்கு இப்போது அதுதான். கீழே பெயிண்டால், வண்டி பழுது பார்க்கப்படும் என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறாள், கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் அந்த முக்கில் இப்போது அதையும் நின்று பார்க்கிறார்கள். கடைச் சட்டத்தையும் நான் மாற்றிவிட்டேன், இனி முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனுஷ உடம்பை யாரும் மிதிக்கக் கூடாது, பலகை போட்டு அதன்மேல் நின்று ஒட்டுகிறோம். வேலை மெதுவாகிறது என்று மெஷின்காரர் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.

நீ செய்ய வேண்டியது இது. உன் மேலதிகாரி முன்னால் போய் நின்று, அது என் தங்கை, அவளைக் கேட்காமல் நான் கொடுத்துவிட்டேன், எல்லா ஊரிலும் போர்டை இறக்குங்கள் என்று உன் வாயால் சொல். யாரோ ஒரு பெண் என்று சொல்லாதே, மாடல் தகராறு என்று சொல்லாதே, என் தங்கை என்று சொல். வேலை போய்விடும் என்று அப்பாவுக்கு மட்டும் தனியாக அழுது மெசேஜ் அனுப்பியிருக்கிறாய், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, அவர் படித்ததும் என்னிடம்தான் நீட்டினார். போனால் போகட்டும். இங்கே வளையம் அடிக்க ஆள் பற்றவில்லை, உனக்கு அந்த வேலை ஆறு வயதிலேயே தெரியும், வந்து தரையில் உட்கார். அதுவரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுமுறைக்கு வந்து நிற்காதே, கதவைத் திறப்பேன், பெற்றவள் திறக்காமல் என்ன செய்வாள், ஆனால் என் முகத்தைப் பார்த்து நீ ஒரு வாய் சாப்பிட முடியாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெளியில் வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள், இதையெல்லாம் சொல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கை கேட்கவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நல்லவனாகவும் இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை சேர்த்து வேண்டிக்கொள்கிறேன். மறக்காமல் அவளைக் கூப்பிடு. எடுப்பாளா என்று எனக்குத் தெரியாது, நம்பர் அதேதான், மாற்றவில்லை, உன் நம்பரையும் அவள் அழிக்கவில்லை. நீ கூப்பிட்டால் அவள் போனில் வருமே உன் படம், அந்தப் புது நாற்காலிப் படம், அதை மட்டும் வெட்டி வைத்திருக்கிறாள், கழுத்துக்குக் கீழே ஒரு சட்டையும் இரண்டு கையும்தான் தெரிகிறது. யாருடி இது, தலையையே காணோமே என்று கேட்டேன். "தலை இல்லாட்டியும் அண்ணன்தான்னு தெரியுதும்மா" என்றாள், சொல்லிவிட்டு, இத்தனை நாளில் முதல் தடவையாக, அழுதாள்.

இப்படிக்கு,
உனக்கும் அவளுக்கும் அம்மா